எட்டு மணி அழைப்பு

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தத் தொலைபேசி அடித்தபோது ரூபினி ரொட்டி சானாயின் கடைசித் துண்டைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அழைப்புகளை எடுக்கும் பெண் அன்று எம்.சி. எடுத்து மருத்துவ விடுப்பில் இருந்தாள். ரூபினியே இடது கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"பிள்ளை, நான் ஜெலுத்தோங்கில இருந்து விநாசித்தம்பி கதைக்கிறன். உங்கட எட்டு மணிக் கோல் நாலு நாளா வரேல்லை."

பாயான் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் பதினொரு பேர் வேலை செய்யும் நிறுவனம் அது. தனியாக வாழும் முதியவர்களுக்காக ஒரு நல அமைப்பு நடத்தும் சேவைக்கு அவர்கள்தான் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். நாள்தோறும் காலையில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு அழைப்பு போகும். நலமாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தும்படி பதிவு செய்யப்பட்ட குரல் கேட்கும். அழுத்தாவிட்டால் அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அழைக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் மகனுக்கோ மகளுக்கோ போகும். யாரை எப்போது அழைப்பது, பதில் வராதபோது எவ்வளவு நேரம் பொறுப்பது, மறுநாளைய அழைப்பை எப்படி மீண்டும் வரிசையில் சேர்ப்பது என்பதையெல்லாம் கவனிக்கும் பகுதியை மூன்று வருடங்களுக்கு முன்பு ரூபினி தனியாக எழுதினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு வீட்டுக்காக இன்னொரு வீடு காத்திருக்காது. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கும்.

திரையில் அவர் பெயரைத் தேடினாள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது.

"இங்க எல்லாம் ஓகேன்னுதான் காட்டுது அங்கிள். உங்க போன் லைன் ஏதும் ப்ராப்ளமா இருக்கும் லா."

"லைன் சரி பிள்ளை. அதிலதானே இப்ப உங்களோட கதைக்கிறன்." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"நாளைக்குக் கண்டிப்பா வரும் அங்கிள்."

"சரி, பாப்பம்."

விரலில் காய்ந்திருந்த குழம்பைத் துடைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனாள். திரும்பி வந்தபோது அந்த அழைப்பு நினைவில் இல்லை.

அடுத்த வாரம் நல அமைப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விநாசித்தம்பி, வயது எண்பத்தொன்று. போன புதன்கிழமை பிற்பகலில் சமையலறையில் விழுந்திருக்கிறார். சனிக்கிழமை மகள் வந்து கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. விழுந்த பிறகு ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த வாரத்துக்கான அழைப்பு விவரங்களை அனுப்பவும்.

ரூபினி பதிவுகளைத் திறந்தாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் பெயரில் எதுவும் இல்லை. புதனும் இல்லை, செவ்வாயும் இல்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை எட்டு மணி அழைப்புக்கு முன்பு நிரல் அவருடைய விவரத்தைப் படித்திருக்கிறது. மகளின் தொலைபேசி எண் இருக்க வேண்டிய கட்டத்தில், முந்தைய நாள்தான் மாற்றி எழுதப்பட்ட இரண்டு எண்கள், நடுவே ஒரு சாய்கோடு. அதை எப்படிப் படிப்பது என்று நிரலுக்குத் தெரியவில்லை. தடுக்கியது. ஒருமுறை தடுக்கிய வேலையை மறுநாள் வரிசையில் சேர்க்க அவள் எதுவும் எழுதி வைக்கவில்லை. தடுக்கியதை யாருக்காவது தெரிவிக்கவும் எழுதவில்லை. மற்ற நானூற்றுப் பதினொரு அழைப்புகளும் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பச்சைப் புள்ளி அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டுமே சொன்னது. அந்தப் புள்ளியை வைத்தவளும் அவள்தான்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வியாழன் காலை எட்டு மணிக்கு அவர் தரையில் கிடந்திருக்கிறார். ஹாலில் இருக்கும் தொலைபேசி எப்போது அடிக்கும் என்று கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார். எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, எடுக்காததே போதும், மகளுக்குத் தகவல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நாளைக்குக் கண்டிப்பாக வரும் என்று சொன்னவள் இருக்கிறாளே.

கோகுலனிடம் சொன்னாள். நிறுவனம் அவனுடையது. முழுதும் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகினான்.

"அந்த மக என்ன நெனைக்கிறாங்க தெரியுமா? அவங்க நம்பர் மாத்துனாங்களாம். நம்ம கோல் பழைய நம்பருக்குப் போயிருக்கும், அதான் கெடைக்கலன்னு நெனைச்சிக்கிட்டு இருக்காங்க. நம்மள யாரும் எதுவும் கேக்கல."

"அண்ணே, அவங்க அவங்களையே குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"தெரியுது. ஆனா நாளைக்கு லாயரோட வந்தாங்கன்னா இங்க உள்ள எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மொதல்ல சரி பண்ணு ரூபினி. இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது. மத்தத அப்புறம் பேசலாம்."

சரி செய்தாள். கட்டத்தில் இரண்டு எண்கள் இருந்தால் பிரித்துப் படிக்கவும், எந்த வேலை எங்கே தடுக்கினாலும் உடனே தெரிவிக்கவும், மறுநாளைக்கு மீண்டும் வரிசையில் சேர்க்கவும் எழுதினாள். நான்கு நாட்கள் சோதித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாவற்றையும் நிறுத்திப் புதிய நிரலை ஓடவிட்டாள். பட்டியலை முதலிலிருந்து படித்துக்கொண்டு அது கிளம்பியது. இறந்தவரின் பெயரை நீக்கக் குடும்பத்தாரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லை என்பதும், பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

திங்கள் காலை எட்டேகாலுக்கு மேசையில் உட்கார்ந்து வந்த பதில்களைப் பார்த்துக்கொண்டே போனவளுக்குக் கை நின்றது.

விநாசித்தம்பி. 8:00. எடுக்கப்பட்டது. எண் ஒன்று அழுத்தப்பட்டது.

நிரலில் பிழை என்று நினைத்தாள். தேடிப் பார்த்தாள், பிழை இல்லை. பெயரை நீக்கிவிடலாம், இரண்டு நொடி வேலை. விரலை வைத்தாள், எடுத்துவிட்டாள். மறுநாள் ஏழு மணிக்கே வந்து காத்திருந்தாள். எட்டு மணி ஆனது. எடுக்கப்பட்டது. ஒன்று அழுத்தப்பட்டது. யாரோ அந்த வீட்டில் இருந்துகொண்டு அவர் நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை எட்டு மணிக்கு அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ரூபினி நாற்காலியை விட்டு எழவில்லை. எட்டரைக்கு இரண்டாவது அழைப்பு. அதற்கும் பதில் இல்லை. அடுத்த வரி தானாகவே வந்து விழுந்தது. மகளின் எண்ணுக்கு அழைப்பு. எடுக்கப்பட்டது. தந்தை பதிலளிக்கவில்லை என்ற அந்தச் செய்தி ஓடி முடிய இருபது விநாடி ஆகும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஓடும். இணைப்பு நான்கு நிமிடங்கள் துண்டிக்கப்படவில்லை.

ரூபினி காரின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோகுலனிடம் சொல்லவில்லை.

ஜெலுத்தோங்கில் விநாசித்தம்பியின் அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. கிரில் கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் பாதி நிரம்பிய அட்டைப்பெட்டிகள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் தரையில், தொலைபேசி மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கைத்தொலைபேசி மடியில் கிடந்தது.

"நிரோஷா அக்காவா? நான் ரூபினி. அந்த எட்டு மணி கோல்... அந்த கம்பெனியிலேருந்து வரேன்."

நிரோஷா நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"திங்கக்கிழமை சாமான் அடுக்க வந்தன். போன் அடிச்சது, எடுத்தன். அப்பா ஒவ்வொரு நாளும் அமத்தினவர்தானே எண்டு நானும் அமத்தினன். நேற்றும் அமத்தினன். இண்டைக்கு, அமத்தாட்டி என்ன நடக்கும் எண்டு பாத்தன்." மடியிலிருந்த தொலைபேசியைத் தொட்டாள். "என்ர புது நம்பருக்குத்தான் வந்தது."

ரூபினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"பத்து காவானில இருந்து பாலம் தாண்டி நான் சனிக்கிழமையில மட்டும்தான் வாறது. இடையில எடுத்துக் கதைக்கிறதும் குறைவு. உங்கட கோல் எனக்கு வரேல்லை எண்டால் அப்பா நல்லா இருக்கிறார் எண்டுதானே அர்த்தம். அப்பிடித்தான் நினைச்சன்." குரல் உயரவே இல்லை. "இண்டைக்கு வந்த கோல் அண்டைக்கு ஏன் வரேல்லை?"

ரூபினி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதலில் அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னாள். அவர் கூப்பிட்டது, சிரித்தது, பச்சைப் புள்ளி, தான் சொன்ன வார்த்தை. பிறகு நிரல் தடுக்கியது, தடுக்கியதைத் தெரிவிக்கத் தான் வழி வைக்காதது.

"அது என்னோட தப்புக்கா. வேற யாரோடதும் இல்ல."

"நானூறு பேரில அப்பான்ர மட்டும் ஏன் தடுக்கினது?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருந்தாள். ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உங்க நம்பர் இருக்குற எடத்துல ரெண்டு நம்பர் இருந்துச்சு. ஒரு நம்பருக்குத்தான் நான் எழுதி வச்சிருந்தேன்."

நிரோஷா மடியிலிருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "ஒண்டு கிடைக்காட்டி மற்றதுக்கு எடுக்கட்டும் எண்டு நான்தான் ரெண்டும் குடுத்தனான்."

"குடுத்தது சரிதான்கா. யாரா இருந்தாலும் குடுப்பாங்க. நான்தான் அத யோசிச்சிருக்கணும்."

நிரோஷா எழுந்து உள்ளே போனாள். இழுப்பறைகள் திறந்து மூடும் ஓசை கேட்டது. ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் கொண்டுவந்து ரூபினியின் முன்னால் வைத்தாள்.

"இப்ப சொன்னதை எழுதித் தாங்கோ. எல்லாம். உங்கட பேரும் ஐசி நம்பரும் போட்டு."

"இத வச்சி என்னக்கா செய்யப் போறீங்க?"

"தெரியேல்லை."

கோகுலனின் முகமும், அலுவலகத்தில் இருக்கும் மற்றவர்களின் முகங்களும் ரூபினியின் கண்முன் வந்து போயின. பேனாவைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக அவள் எழுதியதில்லை. சில இடங்களில் அடித்துத் திருத்தினாள். ஒரு பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்குப் போனது. பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

நிரோஷா ஜன்னலருகே கொண்டுபோய், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்தாள். நாளைக்குக் கண்டிப்பாக வரும் என்ற வரியில் விரல் நின்றுவிட்டது.

மலைப்பக்கத்திலிருந்து மழை வந்துகொண்டிருந்தது. எதிர் பிளாக்கில் மாடிக்கு மாடி கைகள் நீண்டு, கம்புகளில் காய்ந்த துணிகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்தன. ஒரே ஒரு மாடியில் மட்டும் யாரும் வரவில்லை. அங்கே ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு கைகளும் கம்பில் கோத்தபடி, நனைந்து மெல்ல மெல்லக் கனத்துத் தொங்கத் தொடங்கியது.