இடைப்பட்ட நத்தைகள்

அபூதாஹிர் கிண்ணியாவில் சங்கு குளிப்பவர். 1964 ஐப்பசியில் அவருக்குக் கிடைத்த வேலை பாறை நத்தை பொறுக்குவது. சங்குக்காரன் நத்தைக்கு இறங்கிவிட்டான் என்று கூட்டாளி அஸீம் தோணித்துறையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான்.

வேலை கொடுத்தவர் சிவகுருநாதன். அறுபது வயது. பாம்பன், மாலைதீவு, அந்தமான் என்று சரக்குத் தோணிகளில் படுத்தெழும்பி, முப்பது வருடம் நத்தை சேர்த்தவர். திருகோணமலைத் துறைமுக வாயிலில் அலை அடிக்கும் பாறைகளில் இருப்பவற்றுக்கு மெல்லிய ஓடு, அகன்ற வாய். உட்குடாவில் இருப்பவற்றுக்கு நண்டு உடைக்க முடியாத தடித்த ஓடு, ஒடுங்கிய வாய். இவை இரண்டு இனம் என்று நத்தைகளை ஆராய்ந்த பெரிய ஆட்கள் எழுதிவைத்திருந்தார்கள். இல்லை, ஒரே இனம்தான், அலையும் நண்டும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து அதைப் பிரிக்கின்றன, பிரிவு இன்னும் முடியவில்லை என்றார் சிவகுருநாதன். அதைக் காட்ட வாயிலிலிருந்து உட்குடா வரை பதினொரு இடங்களில், இடத்துக்கு ஒரு பையாக இருநூறு நத்தை கேட்டார்.

ஒன்பதாம் நாள் அபூதாஹிர் பைகளைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் காலை சிவகுருநாதனுக்கு நிக்கோபார்க் கப்பல். அதில் ஓர் இடத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தார்.

பிரிவு முடியவில்லை என்றால் இரண்டுக்கும் இடைப்பட்டவை இருக்கவேண்டிய நடுப் பையைக் கொட்டினார். அகன்ற வாய் கொஞ்சம், ஒடுங்கிய வாய் கொஞ்சம். இடையில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பெரிய ஆட்கள் சொன்னதுதான் சரி. கதிரையில் உட்கார்ந்தார். பிறகுதான் பை பாதிகூட நிறையவில்லை என்பதைக் கவனித்தார்.

"மிச்சம் எங்க?"

"கழிச்சு எறிஞ்சிட்டன் ஐயா. அகலமும் இல்ல, ஒடுக்கமும் இல்ல. குப்பையைக் கட்டி உங்களுக்குத் தரலாமா?"

சங்கு வியாபாரத்தில் துளைப் பலகை உண்டு. துளைக்குள் நுழையும் சிறிய சங்கு கடலுக்குத் திரும்பும். கழிவைக் குவியலில் விட்டவனிடம் முதலாளி மறுமுறை வாங்கமாட்டார். அபூதாஹிர் நத்தைக்கென்று இரண்டு துளையோடு சின்னப் பலகை ஒன்று செய்து, ஒவ்வொன்றின் வாயையும் துளையில் வைத்து அளந்து, இடைப்பட்டதையெல்லாம் இறங்குதுறையடியில் கொட்டியிருந்தார்.

கொட்டிய இடம் தெரியும், அள்ளிவரவா என்று கேட்டார்.

"எது எந்தப் பாறையில இருந்ததெண்டு இனி எப்பிடிச் சொல்லுவீர்?"

அபூதாஹிர் பலகையை இடுப்பிலிருந்து எடுத்துக் காலில் வைத்து முறித்தார். ஏழு நாள் தரும்படி கேட்டார். மேசையில் இரண்டு குவியலும் சுத்தமாக இருந்தன. அப்படியே எழுதிவிட்டுக் கப்பல் ஏறினால் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. தாம் வரப்போவதில்லை என்று சிவகுருநாதன் ஒரு துண்டு எழுதிக் கப்பல் கம்பனிக் கந்தோருக்கு அனுப்பினார். நிக்கோபாருக்கு அவர் பிறகும் போகவில்லை.

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. தனியாக இறங்க முடியாத கடல். அஸீமும் வந்தான், சிரிக்கவில்லை. அபூதாஹிருக்கு முழங்கால் இரண்டும் பாறையில் கிழிந்தன. இடைப்பட்ட நத்தை கைக்கு வரும்போதெல்லாம் கை எறியத்தான் ஓங்கியது.

ஏழாம் நாள் நடுப் பையைக் கொட்டி மூவரும் எண்ணினார்கள். அகன்றது முப்பத்தொன்று. ஒடுங்கியது இருபத்தாறு. இடைப்பட்டது நூற்று நாற்பத்து மூன்று.

"இவ்வளத்தையுமா நான் எறிஞ்சனான்?" என்றார் அபூதாஹிர்.

"ஓம்," என்ற சிவகுருநாதன், அடுத்த பையை அவிழ்க்கச் சொன்னார்.