தெரியாமல் செய்த சத்தியம்

இல்லைங்க, சத்தியம் செய்தது தண்டபாணி மாமா. பொய் என்னுடையது. என்னைப் போட்டுக் குடைவதே அதுதான்.

எங்கள் நெட்டுக்குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது. அன்று விடிகிற நேரம், மாமா எஞ்சினைக் கிளப்பிவிட்டார். நான் கயிற்றை அவிழ்க்கும்போது போனில் குப்பத்துக் குழுவின் செய்தி. ஆஸ்பத்திரியில் இருந்த பவுனம்மாள் இறந்துவிட்டார். திறந்தால் நான் படித்தது குழுவில் தெரிந்துவிடும் என்று மேலே தெரிந்த ஒரு வரியோடு போனைப் பையில் சுற்றி வைத்தேன். நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் கடல் அடங்கியிருந்தது. முழுசாகப் படிக்கவில்லை, அதனால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகத்துவாரம் தாண்டுவதற்குள் அந்தச் சமாதானம் செத்துவிட்டது. வேறு படகையே காணோமே என்று மாமா கேட்டபோது, காசிமேட்டுப் பக்கம் போயிருப்பார்கள் என்றேன். நம்பினார்.

கூடை நிறைய மீனோடு நாங்கள் கரையேறியபோது எதிரே பாடை போனது. பவுனம்மாளின் மகள் மலர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் பஞ்சாயத்து. எல்லையம்மன் கோயில் முன்னால் மாமா எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்தார். "எனுக்கும் தெரியாது, வெற்றிக்கும் தெரியாது. அம்மன் மேல சத்தியம்." வெற்றி நான்தான்; என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள். மலர்கூட வந்து, தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவரிடம் வருத்தப்பட்டார். நான் அங்கேயேதான் நின்றேன், வாய் வரவில்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், மாமா எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. துணியால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து வரிக்கும் நான் பொய் சொல்லலடா. இனிமே வாய மூடிகினு இருந்தா பொய்யி. உன் பாரத்த எறக்கி என் தலைல வெச்சிட்டியே, நைனா."

தப்பு முழுக்க என்னுடையது, நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"எனுக்கும் பங்கு கீதுடா. உன் மன்சுல இன்னா கீதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்? தெரிஞ்சா மாரி அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டேனே."

சட்டையைப் போட்டுக்கொண்டு மலர் வீட்டுக்கு நடந்தார். நான் ஓடிப்போய் அவருக்கு முன்னால் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மலர் என்னைப் பார்க்கவே இல்லை.

"உனுக்குத் தெரியாதுல்ல. நீ போ அண்ணா," என்றார் மாமாவிடம்.

அவர் போகவில்லை. என் பக்கத்திலேயே தலையைக் குனிந்து நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். உண்மையைச் சொன்னது என் கடமையா, இல்லை என் வலியைத் தள்ளிவிட ஒரு ஆள் தேடினேனா? நீங்களாக இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பீர்களா, சொல்லுங்களேன்?