பெரியவருக்குப் பன்னிரண்டு வோல்ட்

ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக மாற்றுவது ஒரு நாள் வேலை என்று அக்காவிடம் சொன்னவன் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தியை வைத்துச் சொல்லச் சொல்லவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

வண்டிக்கு வீட்டில் பெயர் பெரியவர். அத்தானின் அப்பா வாங்கிய பெட்ரோல் டிராக்டர். அத்தானைவிட ஆறு வயது மூத்தது. அந்த மரியாதைக்காகவே யாரும் அதை 'அது' என்று சொல்வதில்லை. பெரியவர் எழுந்துட்டாரா என்றுதான் காலையில் கேட்பார்கள். பாதி நாள் எழ மாட்டார். ஆறு வோல்ட் பேட்டரி செல்ஃப் மோட்டாரை ஒரு சுற்று முனக வைத்துவிட்டுப் படுத்துவிடும். அதன்பிறகு முன்னால் போய் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை தானாகக் கழன்றுகொள்ளும். பார்த்தவர்களுக்கெல்லாம் இந்த விதியைப் பாடம் எடுத்தவர் அத்தான். மூன்று வாரத்துக்கு முன் அவரே ஏதோ யோசனையில் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தார். பெரியவர் உதைத்தார். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

மறுநாளிலிருந்து ஹேண்டிலை அக்கா எடுத்துக்கொண்டாள். நான் போய்ப் பார்த்தபோது அவள் முன்கையில் நீலமாக ஒரு தடம் கன்றிப் போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். ஹேண்டிலின் பருமனும் அந்தத் தடத்தின் அகலமும் ஒன்றாக இருந்தன. மழைக்கு முன் உழுது விதைத்தாக வேண்டும், அவள் நிறுத்தப் போவதில்லை, அடுத்த உதை எலும்பில் விழும். அந்தப் பயத்தில்தான் ஒரு நாள் வேலை என்று சொல்லித் தொலைத்தேன். இனி பொத்தானை அமுக்கினால் போதும், ஹேண்டிலைத் தொடவே வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இருபது வருஷமாக வண்டிகளுக்கு வயர் இழுப்பதுதான் என் பிழைப்பு. வேலை எனக்குப் புதிதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகையில் இறங்கினேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி அந்த இடத்தில் ஆல்டர்னேட்டரை வைத்தேன். பேட்டரி, காயில், பல்புகள், வயர்கள் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின. பக்கத்தில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் அத்தான் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, ஸ்பானர் எடுத்துத் தரட்டுமா, டார்ச் பிடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வேலை நேரத்தில் பேச்சு ஆகாது.

"நீங்க சும்மா உக்காருங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றேன். அன்று மட்டும் அதை ஏழெட்டு முறை சொல்லியிருப்பேன். அவர் தண்ணீர் மொள்ளப் போனாலும் அக்கா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாற்றம் முக்கியமானது. பெரியவரிலும் அவர் காலத்து வண்டிகள் சிலவற்றிலும் பேட்டரியின் ப்ளஸ் முனை வண்டியின் உடம்போடு சேரும், மைனஸ் வயர்களுக்குப் போகும். ஆல்டர்னேட்டர் வைத்தால் அப்படியே தலைகீழ், மைனஸ்தான் உடம்புக்கு. மாற்றினேன். பேட்டரிப் பெட்டியின் கறுப்பு மூடியில் அத்தான் எந்தக் காலத்திலோ வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெரிய கூட்டல் குறி போட்டு, பக்கத்தில் 'உடம்புக்கு' என்று எழுதி வைத்திருந்தார். அதை அழிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா பொத்தானை அமுக்கினாள். பெரியவர் ஒரே மூச்சில் எழுந்து உட்கார்ந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், பதினான்கு வோல்ட் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் போன். பெரியவரிடமிருந்து புகை வந்ததாம்.

போய்ப் பார்த்தால், நான் இழுத்த புது வயர் உருகி வழிந்திருந்தது. ஆம்ப் மீட்டர் கருகியிருந்தது. பேட்டரி கழற்றப்பட்டுக் கொட்டகை மேசைமேல் இருந்தது. யார் கழற்றியது என்று கேட்டேன். புகை வந்ததும் தான்தான் பிடுங்கிப் போட்டதாக அத்தான் சொன்னார். நல்ல வேளை, இல்லையென்றால் வண்டியே பற்றியிருக்கும் என்று அவரைப் பாராட்டவும் செய்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பேட்டரி முனையைக் கவ்வும் கிளாம்ப் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே சுத்தியலால் தட்டி நேராக்கினேன்.

ஆல்டர்னேட்டர் செத்துப் போயிருந்தது. தூக்கிக்கொண்டு அதைக் கொடுத்த கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எங்கள் வட்டாரத்தில் டாக்டர் என்று பெயர். எதையும் திறந்து பூதக்கண்ணாடியில் பார்க்காமல் பேச மாட்டார். திறந்தார், பார்த்தார், உள்ளே மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடுகள் எல்லாமே கரியாகியிருப்பதைக் காட்டினார்.

"ஒண்ணு ரெண்டு போனா சரக்கு சரியில்லைன்னு சொல்லலாம். எல்லாம் ஒண்ணா போச்சுன்னா, பேட்டரியத் தலைகீழா மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். மாத்தி மாட்டிட்டியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ப்ளஸ் எது மைனஸ் எது என்று எனக்கே பாடமா? நான் மாட்டி, ஓட்டி, பதினான்கு வோல்ட் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று கரடியாகக் கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அரைகுறை சரக்கைத் தலையில் கட்டிவிட்டுப் பழியை என்மேல் போடுகிறார் என்றும் சொன்னேன். அவர் இன்னொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இதுவும் போனால் தன்னிடம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அன்று முழுக்க மறுபடியும் வயர் இழுத்தேன். ஒவ்வொரு முனையையும் இரண்டு தடவை சோதித்தேன். பெரியவர் எழுந்தார், பதினான்கு வோல்ட் வந்தது.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் புகை.

இம்முறை எனக்கு வெறுத்தே போய்விட்டது. வேலையில் பிழை இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பிழையே இல்லாமல் எரிகிற வண்டியை என்ன செய்வது? கையிலிருந்த ஸ்பானரை விட்டெறிந்தேன், அது தகரக் கதவில் பட்டு ஊரைக் கூட்டியது. பெரியவரை மரியாதையில்லாமல் ஒருமையில் திட்டினேன். அத்தான் முகம் சுண்டிப் போனது.

அக்கா திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அவள் போய்ப் பழைய டைனமோவையும் ஆறு வோல்ட் பேட்டரியையும் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"பழையதையே மாட்டிக் குடுத்துட்டுப் போடா. ஞாயித்துக்கிழமை மழைங்கறாங்க. எனக்கு ஹேண்டில் பழகிப் போச்சு."

சொல்லும்போதே அவள் கை அந்த நீலத் தடத்தைத் தடவிக்கொண்டது, அவளுக்கே தெரியாமல். ஒரே ஒரு நாள் கொடு என்று அவளிடம் கெஞ்சினேன். டாக்டர் கடைக்கு இனி எந்த முகத்தோடு போவது? என் வேனைத் திறந்து அதன் ஆல்டர்னேட்டரையே கழற்றி, தாங்கியைக் கொஞ்சம் அறுத்துப் பெரியவருக்குப் பொருத்தினேன். மாலைக்குள் ஓடியது. ஆனால் என் வேன் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டதால் அன்றைக்கு அக்கா வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில், வாய் நிறைய பற்பசை நுரையோடு கொட்டகைப் பக்கம் வந்து நின்றேன். அடுக்களைக் கதவு திறந்தது. அத்தான் வந்தார். புது பேட்டரியை இடது கையால் மார்போடு அணைத்து, மாவுக்கட்டுக் கையை அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார்.

ராத்திரி அது வண்டியில்தானே இருந்திருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் நினைவு வந்தது. அந்தச் சோனி ஆறு வோல்ட் பேட்டரியைக் குளிரில் விட்டால் காலையில் உயிர் இருக்காது என்று, தினம் இருட்டுவதற்குள் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். காலையில் மாட்டுவார். முப்பது வருஷமாக எனக்கும் தெரிந்த பழக்கம். பல் தேய்ப்பதுபோல வீட்டில் நடக்கிற ஒன்றை யார் கவனிக்கிறார்கள்?

பேட்டரியைப் பெட்டிக்குள் இறக்கினார். துணியால் முனைகளைத் துடைத்தார். உடம்பிலிருந்து வரும் கிளாம்பை எடுத்து ப்ளஸ் முனையில் வைத்தார். அது நுழையவில்லை. ப்ளஸ் முனை மைனஸைவிடத் தடிமன். யாரும் மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே உலகம் முழுக்க அப்படிச் செய்கிறார்கள். அத்தான் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் ஸ்க்ரூடிரைவரை விட்டு கிளாம்பின் வாயை நெம்பி, அதன் கைப்பிடியாலேயே தட்டி உள்ளே இறக்கினார். இடது கையால். அடுத்த கிளாம்பை எடுத்தார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். நுரையெல்லாம் அவர் மாவுக்கட்டில் தெறித்தது.

"தினம் நீங்கதான் மாட்டறீங்களா?"

"வேற யாரு மாட்டுவா? ரெண்டு நாளா மாட்டும்போதே பெரிசா பொறி அடிக்குது. புது பேட்டரியாச்சே, வீரியம் ஜாஸ்தின்னு நெனச்சேன்."

இரண்டு ஆல்டர்னேட்டர், மூன்று நாள் உழைப்பு, டாக்டர் கடையில் பத்துப் பேர் முன்னால் போட்ட கூச்சல், அக்கா சுமந்து வந்து வைத்த டைனமோ எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. எரிந்ததெல்லாம் உங்களால்தான் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டேன். மைனஸ்தான் உடம்புக்கு, ப்ளஸ் இல்லை என்று கத்தினேன்.

அத்தான் கிளாம்பைக் கீழே வைத்தார். மூடியிலிருந்த தன் எழுத்தைப் பார்த்தார். நான் அழிக்க மறந்த கூட்டல் குறி அங்கேயே இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ளே," என்றார். "எதைத் தொட்டாலும் நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன்னீங்க. இது ஒண்ணைத்தான் யாரும் அப்படிச் சொல்லல. அதான் செஞ்சேன்."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் என்னிடமிருந்து மூன்று முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எதை மாற்றுகிறேன், ஏன் மாற்றுகிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எதுவும் எரிந்திருக்காது. சும்மா உட்காரச் சொல்லத்தான் எனக்கு வாய் இருந்தது. வெட்கமாக இருந்தது. அவர்மேல் இருந்த கோபம் போக இடமில்லாமல் என்மேலேயே திரும்பியது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தேன். உடம்பிலிருந்து கிளாம்புக்கு வரும் கம்பிப் பட்டையை வெட்டி, மைனஸ் முனைக்கு மட்டும் எட்டுகிற அளவுக்குக் குட்டையாக்கினேன். இனி நெம்பினாலும் இழுத்தாலும் அது ப்ளஸ் பக்கம் போகாது. ஒவ்வொன்றையும் செய்யும்போதே அத்தானிடம் சொல்லிக்கொண்டே செய்தேன். அவரும் விடாமல் கேள்வி கேட்டார், நல்ல கேள்விகளாகவே கேட்டார். பிறகு கறுப்புப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் அவரிடம் கொடுத்தேன். கூட்டல் குறியின் நிற்கும் கோட்டை மட்டும் மறைத்தால் போதும். இடது கையில் அது அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. பிரஷ்ஷைப் பிடுங்கத் துடித்த என் கையைச் சட்டைப் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். கோணலாகத்தான் வந்தது. ஆனால் யார் பார்த்தாலும் அது மைனஸ்.

பேட்டரியை அவரே மாட்டினார். பொறி அடிக்கவில்லை. அக்கா வந்து, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏறிப் பொத்தானை அமுக்கினாள். பெரியவர் எழுந்தார். பதினான்கு வோல்ட். எரியாத பதினான்கு. அக்கா இருக்கைக்கு அடியிலிருந்து ஹேண்டிலை உருவி என் கையில் திணித்தாள்.

"உன் வேனுக்கு வச்சுக்கோ. இனி நீதான் சுத்தணும்" என்று சொல்லிவிட்டு வயலைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனாள்.

ஹேண்டிலோடு நான் கொட்டகை வாசலில் நின்றேன். டாக்டர் கடையில் போய் நின்று மன்னிப்புக் கேட்கும் வேலை இன்னும் பாக்கி இருந்தது. பக்கத்தில் அத்தான், விரலெல்லாம் கறுப்புப் பெயிண்டாக, வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த பேட்டரியச் சாயங்காலம் கழட்டணுமா மாப்ளே?"

கழற்ற வேண்டாம். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடக்கலாம், எந்தக் குளிரும் அதை ஒன்றும் செய்யாது. வேண்டாம் என்ற சொல் உதடு வரைக்கும் வந்தது.

"கழட்டுங்க அத்தான்," என்றேன். "காலையில நீங்களே மாட்டிடுங்க."