முத்துவேல் அப்படிச் செய்வானா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, மலைமேல் இருக்கும் கரியாலூர் வெள்ளச்சி மெஸ்ஸில் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். அருவி பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. "இன்னொரு கரண்டி ரசம்" என்று உரக்கக் கேட்டுவிட்டு, பக்கத்து பெஞ்சிலிருந்து நாலு பேர் முறைப்பதைப் பார்த்து விழிப்பார்கள். கல்லாவுக்கு மேலே பலகையில் இருக்கும் ரேடியோவில் அப்போது 'மணிமுத்தாத்தங்கரை' நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். பதினெட்டு வருடமாக ஓடுகிறது.

நாடகத்தில் செங்கமலத்தின் புருஷன் முத்துவேல். இந்தப் பதினெட்டு வருடத்தில் அவன் குடித்ததில்லை, பெண்டாட்டியை ஒரு அடி அடித்ததில்லை. அண்ணன் செத்தபோது அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரையும் தோளில் போட்டு வளர்த்தான். மலையிலும் கீழேயும் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது, "முத்துவேல் மாதிரி பையன்" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

ஆடி மாதம் நாடகத்தில் புதுக் கதை ஒன்று ஆரம்பித்தது. ஒரு கல்யாண வீட்டில் செங்கமலம் தன் பழைய வாத்தியாரைப் பார்க்கிறாள். "டீச்சர் ட்ரெய்னிங்குக்கு உனக்கு லெட்டர் போட்டாங்களேம்மா, நீ ஏன் வரல?" என்று அவர் கேட்கிறார். அப்படி ஒரு கடிதம் அவள் கைக்கு வரவே இல்லை. யார் மறைத்தார்கள்? ரேடியோக்காரர்கள் அதைச் சொல்லாமல் மூன்று வாரம் இழுத்தார்கள். நாடகம் முடிந்ததும் பத்து நிமிடம் நேயர்கள் போனில் பேசலாம். யார் மேல் சந்தேகம், கதை நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மெஸ்ஸில் ஆளுக்கொரு சந்தேகம். ஜீப் ஓட்டும் கண்ணுசாமி மாமியார்தான் என்றார். காய் நறுக்கும் குஞ்சம்மாள் தபால்காரனைச் சொன்னாள். கள்ளக்குறிச்சி பஸ் கண்டக்டர் தங்கதுரை, வண்டி நிற்கிற இருபது நிமிடத்தில் சாப்பிட்டுக்கொண்டே கீழ்நாட்டுக் கருத்தையும் கொண்டுவந்து போடுவார். வெள்ளச்சியின் புருஷன் ராஜதுரை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான். இலை எடுப்பான், தண்ணீர் வைப்பான்.

நாலாவது வாரம் உண்மை வெளியே வந்தது. கடிதத்தை மறைத்தவன் முத்துவேல்.

கண்ணுசாமி பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். "எழுதறவனுக்கு சரக்கு தீந்துபோச்சு. பதினெட்டு வருஷமா தங்கமா இருந்தவன் ஒரே நாள்ல திருடனாயிடுவானா? இன்னா கதை இது?"

"வடக்கனந்தல் ஸ்டாப்பிங்ல ரெண்டு பொம்பளைங்க இதுக்காவ சண்டை போட்டுக்கினு பஸ்ஸயே உட்டுட்டாங்க" என்றார் தங்கதுரை. "முத்துவேல் அப்படிச் செய்வானான்னு ஒருத்தி. ஆம்பளைங்க எல்லாருமே செய்வாங்கன்னு இன்னொருத்தி."

வெள்ளச்சி சாம்பார் வாளியோடு வந்தாள். "நானும் நம்பலண்ணே. லெட்டர் வரலன்னா கூட இருக்கறவங்களையா சந்தேகப்படறது? நானுந்தான் ப்ளஸ் டூ முடிச்சிட்டு நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு எழுதிப்போட்டேன். இன்டர்வியூ லெட்டர் வரல. நம்ம தலையில எழுதலன்னு உட்டுட்டேன்."

அப்போதுதான் ராஜதுரை வாயைத் திறந்தான். ரேடியோ சண்டையில் அவன் கலந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

"அவன் கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டான். ரோடு சரிஞ்சு நாலு நாளா பஸ்ஸே கெடையாது. குடுத்திருந்தாலும் எப்படிப் போய்ச் சேருவா? அவனைச் சொல்லிக் குத்தமில்ல."

கண்ணுசாமி சிரித்துவிட்டார். "ஆத்தங்கரையில எந்த ரோடுய்யா சரிஞ்சுது? நீ எந்த ஸ்டேஷன் கேக்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜதுரை காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். வெள்ளச்சி சாம்பார் ஊற்றிக்கொண்டே போய், கடைசி பெஞ்சில் இருந்த வெளியூர்க்காரரின் மோர் தம்ளரிலும் ஊற்றிவிட்டாள்.

ரோடு சரிந்தது அவளுக்கும் நினைவிருந்தது. நாடகத்தில் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், இந்த மலையில்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் ஊரான கடுக்காம்பட்டில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் அவள். அவளும் வெள்ளிமலை மகேஸ்வரியும் ஒரே ஆஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்கள். அந்தக் காலத்தில் தபால் பையை அடிவாரத்திலிருந்து சுமந்து வருகிறவன் ராஜதுரை. சொந்தத்தில் மாமா முறை. தினமும் அவன் வருகிற நேரம் பார்த்து வெள்ளச்சி மலைப்பாதை வளைவில் போய் நிற்பாள். "இன்னிக்கும் இல்ல புள்ள" என்பான். பதினோரு நாள் நின்றாள். பதினோராவது நாள் அவள் அழுதபோது, மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தான். அவனைப் பிடித்துப்போனது அந்த நாளில்தான். இதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நாடகம் கேட்ட அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அந்தக் கொய்யாப்பழம்தான் அவள் நினைவில் வந்து நின்றது.

மகேஸ்வரி இப்போது கீழே ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். மறுநாள் வெள்ளச்சி அவளுக்குப் போன் போட்டாள். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசிவிட்டு மெல்லக் கேட்டாள்.

"உன் இன்டர்வியூ என்னிக்குடி நடந்துது?"

"நவம்பர் பதினேழு. திங்கக்கிழமை. மறக்குமா? விழுப்புரத்துக்கு எங்கப்பா கூட்டிக்கினு போனாரு."

"ரோடு சரிஞ்சுதே அப்போ?"

"அது முன்னாடியே சரி பண்ணிட்டாங்க. லெட்டர் வந்தப்புறம் முழுசா ஒரு வாரம் இருந்துது. ஏன் கேக்கற?"

"சும்மாத்தான். ரேடியோ நாடகத்துல வந்துது."

"நீயும் வருவன்னு அன்னிக்கு ஆபீஸ் கேட்டாண்டயே நின்னு பாத்துக்கினு இருந்தேன்டி" என்றாள் மகேஸ்வரி. "உன் மார்க் என்னைவிட ஜாஸ்தி."

அதற்குப் பிறகு ராஜதுரை செய்வதெல்லாம் வெள்ளச்சிக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவன் ரேடியோவை இறக்கித் துடைத்தால், எதற்குத் துடைக்கிறான் என்று பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, ரேடியோ எதுக்கு" என்று அவன் சொன்னபோது, அதை எடுத்துத் திரும்பப் பலகையில் வைத்தாள். பாயில் படுத்தபடி அவன் மூச்சைக் கேட்டாள். தூங்குகிறானா, தூங்குவதுபோல் இருக்கிறானா? இருபத்தோரு வருடமாகப் பக்கத்தில் படுத்திருப்பவனின் மூச்சில் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை தன் புத்திதான் கெட்டுவிட்டதோ என்றும் நினைத்தாள். காய்ச்சல் வந்தபோது கம்பில் தொட்டில் கட்டி அவளைச் சேராப்பட்டு ஆஸ்பத்திரி வரை தூக்கிப்போனவன். மகள் பிறந்தபோது ஊருக்கெல்லாம் சாமைப் பாயசம் ஊற்றியவன்.

வெள்ளிக்கிழமை மாவு ஆட்டிக்கொண்டே ஒரு பொய் சொன்னாள்.

"கண்டக்டருக்கு ரேடியோ ஸ்டேஷன்ல ஆளு தெரியுமாம். முத்துவேல் அந்த லெட்டர எரிச்சிட்டானாம். அடுத்த வாரம் வருதாம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராஜதுரை நிமிரவில்லை. "எரிச்சிருக்க மாட்டான்."

"பின்ன?"

"எரிக்க மனசு வராது. ஆத்துல உட்டிருப்பான்."

"உனக்கெப்படி மாமா தெரியும்?"

அவன் கத்தி நின்றது. "கதைதானே, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் உரிக்கிறவன் கண்ணைத் துடைத்தால் அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது என்று வெள்ளச்சிக்கு எரிச்சலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்து நேயர் நேரம் ஆரம்பித்ததும் அவள் பின்கட்டுக்குப் போனாள். நாலாவது தடவை லைன் கிடைத்தது.

மெஸ்ஸில் கண்ணுசாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஒரு பெண் குரல் பேசியது.

"பேரு வேணாங்க. மலையிலேர்ந்து பேசறேன். இந்தக் கதைய நம்பலாங்க. எல்லாரும் முத்துவேல் நல்லவனாச்சே, செய்வானான்னு கேக்கறாங்க. நல்லவன்தாங்க செய்ய முடியும். கெட்டவனா இருந்தா அவன்கிட்ட போய் லெட்டர் வந்துதான்னு தெனமும் கேட்டுக்கினு நின்னிருக்க மாட்டேங்க."

நிகழ்ச்சி நடத்துகிறவர், "நின்னிருக்க மாட்டேன்னா... உங்களுக்கே நடந்துதாம்மா?" என்றார். லைன் அறுந்தது.

பின்கட்டிலிருந்து அதே குரல், "குஞ்சம்மா, அப்பளம் எடுத்துக்கினு போ" என்றது. எல்லோரும் ராஜதுரையைப் பார்த்தார்கள். கண்ணுசாமிக்கு ரோடு சரிந்த பேச்சு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தாண்ணே" என்றான் ராஜதுரை. "தபால் பை தூக்கிக்கினு இருந்தப்ப. அவ லெட்டர நான்தான் குடுக்கல."

தங்கதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. கண்ணுசாமி கை கழுவிவிட்டு, போகும்போது ராஜதுரையின் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று நின்று, தொடாமலே போனார்.

கூட்டம் ஒழிந்ததும் வெள்ளச்சி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லல. அவங்ககிட்ட சொல்ற. நாலு பேரு முன்னாடி ஒத்துக்கினா நான் வாய மூடிக்குவேன்னுதானே?"

"இல்ல புள்ள. உன் குரலக் கேட்டதும் அடக்க முடியல."

"எத்தினி நாள் வச்சிருந்த?"

"எட்டு நாள். நாளைக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னு சட்டைக்குள்ளவே வச்சிருந்தேன். நீ தெனமும் வந்து நின்ன. குடுத்துட்டா மறுநாள் நீ வரமாட்ட. அதான்."

வெள்ளச்சிக்கு ஒரு கணம் உள்ளே இளகியது. உடனே அந்த இளக்கத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

"கேக்க நல்லாத்தான் இருக்குது. நாடகத்துல வச்சா அழுவாங்க. நவம்பர் பதினேழாந்தேதி, திங்கக்கிழமை. அன்னிக்கு நீ எங்க இருந்த?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"சொல்லு."

"உங்க வூட்ல. உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டுக்கினு இருந்தேன்."

அவளுக்கு அந்த நாளும் நினைவிருந்தது, தேதிதான் தெரியாமல் இருந்தது. அப்பா அவளைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டார். இரண்டு நிமிடம்கூட யோசிக்காமல் தலையாட்டினாள். மகேஸ்வரி விழுப்புரத்தில் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது.

அவள் அழவில்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள். "நாளைக்கு பஸ்ல கீழ போ. வடக்கனந்தல்ல உங்கண்ணன் வூட்ல இரு. நான் கூப்பிட்டா வா."

மறுநாள் காலையில் ஒரு துணிப்பையோடு அவன் போனான். தங்கதுரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு பெண் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். நாடகம் எழுதுகிறவளாம், பவானி என்று பேர் சொன்னாள். "இது யாரோட கதையும் இல்லக்கா, நானா கற்பனை பண்ணதுதான். ஆனா உங்களோட சேத்து ஒன்பது பேரு, என் கதைன்னு போன் பண்ணிட்டாங்க" என்றாள். வெள்ளச்சி அதை முழுசாக நம்பவில்லை. யாரோ சொல்லித்தான் எழுதியிருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறாள். "உங்க வீட்டுக்காரரை மன்னிச்சிட்டீங்களாக்கா?" என்று பவானி கேட்டதற்கு, "அடுப்புல கொழம்பு இருக்குதும்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து நாடகத்தில் செங்கமலம் முத்துவேலை மன்னித்தாள். பின்னால் புல்லாங்குழல் வாசித்தார்கள். கண்ணுசாமி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். நம்பலாமா கூடாதா என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை.

ராஜதுரை இருபத்தாறாவது நாள் திரும்பி வந்தான். அவள் கூப்பிட்டுத்தான் வந்தான். மழையில் மெஸ்ஸின் ஓடு இறங்கியிருந்தது, ஆள் வேண்டியிருந்தது. ஓடு மாற்றினான், பழையபடி இலை எடுத்தான். அவள் அவனோடு பேசுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். மாமா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

கள்ளக்குறிச்சியில் படிக்கும் மகளின் கல்லூரியிலிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. ராஜதுரை வாங்கிவந்து இரண்டு கையாலும் நீட்டினான். வெள்ளச்சி உறையைத் திருப்பி ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாள். முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். விரலை மடக்கி நாளை எண்ணினாள். அதுவரைக்கும் அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான்.