அனுப்பாத கடிதங்கள்

பழைய கணினிகளைப் பழுதுபார்த்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குழு ஒன்றில், மலேசியாவின் தானா ராத்தா ஊரில், சுபத்ரா இருந்தாள். கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது அவள் வேலை.

அன்று வந்தது, மூடிவிட்ட ஒரு கிளினிக்கின் கணினி. அழிக்கப் போனவளின் கண்ணில் அப்பாவின் பெயர் பட்டது. கருப்பையாவுக்குக் காசநோய், உடனே வரவும் என்று எட்டு மாதத்துக்கு முன் தட்டச்சு செய்த கடிதம். அது வீட்டுக்கு வரவே இல்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்த அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, எக்ஸ்ரே எடுத்தீங்களே, என்ன சொன்னாங்க?"

"ஏதாச்சும் இருந்தா லெட்டர் போடுறேன்னாங்க. வரல லா. நல்லாத்தான் இருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

"வேலைய விட்டுட்டு வெளிய வாங்க. மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு வரேன்."

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்றார் டாக்டர். அந்தக் கணினியில் அதேபோல் இன்னும் நான்கு பேருக்கு எழுதிய கடிதங்கள் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். திரும்பிப் போய் அதைத் தூக்கி வந்து டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

"இவங்களுக்கும் இன்னும் தெரியாது, டாக்டர்."