ஆறும் எட்டும்

எழுத்துரு வரைந்து விற்கும் சின்னக் கம்பெனி அது; அன்று மதியம் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். சன்னலோர நாற்காலியில் முதலாளி; அவருக்கு எதிரே, அச்சுப்படிகள் குவிந்த மேசையில் எழுத்து வரைபவள், எல்லோருக்கும் அவள் அக்கா; கதவை ஒட்டிய முக்காலியில் விற்பனைக்காரர், சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி.

"அக்கா, உன் எழுத்து எங்க போய் ஏறியிருக்குன்னு பாரு" என்று விற்பனைக்காரர் போனை நீட்டினார். ரசாயன ஆலை ஒன்றின் குழாய்கள். அவற்றின் மேல் அவள் வரைந்த எண்கள், தகட்டில் வெட்டி அதன் வழியே சாயம் தெளித்தவை. "புதுப் பிரிவு. இன்னிக்கு சாயங்காலம் திறந்து விடறாங்க."

அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

அது சினிமா சுவரொட்டிக்காகச் செய்த எழுத்து. ஒடுங்கிய இடத்தில் நின்று உரக்கக் கத்த வேண்டும் என்று உடம்பைத் தடிக்க வைத்து, தோளோடு தோள் நெருக்கி, எண்களின் வயிற்றிலிருந்த வெள்ளையைக் கீற்றாக இறுக்கியிருந்தாள். ஆள் உயர எழுத்தில் அந்தக் கீற்று தெரியும். உள்ளங்கை அளவில், சாயம் கசிந்தால்?

படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். எப்போதும் செய்வதுபோல் எதிர்ச்சுவர் முதுகில் முட்டும்வரை பின்னால் நடந்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். ஆறும் எட்டும் ஒரே கறுப்புக் கட்டியாக நின்றன.

"ஆறாம் குழாய்ல என்ன போகுது?"

"தண்ணி."

"எட்டுல?"

"அமிலம். ஏன்க்கா கேக்கற?"

"என் தம்பிக்கு அங்கதான் வேலை. வால்வைத் திருப்புறதே அவன்தான்."

தம்பியின் போன் அணைந்திருந்தது. ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆலைக்கே அடித்தாள். பாதுகாப்பு அதிகாரி நிதானமாகச் சொன்னார்: "வாயால சொன்னா வேலையை நிறுத்த முடியாதும்மா. எழுத்து வித்த கம்பெனி முத்திரையோட கடிதம் வரட்டும்."

முத்திரை முதலாளியின் இழுப்பறையில் இருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "நம்ம சரக்கை நாமே மட்டம்னு எழுதிக் கொடுக்கறதா? அப்புறம் கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் எதிர்ச்சுவரைக் கைகாட்டினாள். "இங்க வந்து நில்லுங்கண்ணே. எது தண்ணின்னு சொல்லுங்க."

"இதென்ன சின்னப்புள்ள விளையாட்டு" என்று முனகிக்கொண்டே எழுந்து வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டார், இறக்கிவிட்டார். "அந்த இடதுபக்கம்."

"அது அமிலம்ண்ணே."

விற்பனைக்காரர் வெளியே வைத்திருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். முதலாளி இழுப்பறையைத் திறந்தார்.

குழாய்களின் எண்களை மாற்றி எழுதும்வரை எந்த வால்வையும் திறக்கக் கூடாது என்று எழுதினாள். கடிதத்தாளின் தலைப்பில் கம்பெனி தொலைபேசி எண்ணும் அதே தடித்த எழுத்தில்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் கையால் மெலிதாக எழுதினாள்; எட்டின் இரண்டு வயிற்றையும் நன்றாகத் திறந்து வைத்தாள்.

முதலாளி முத்திரையை அழுத்தினார்.

"நான் கொண்டு போறேன்க்கா" என்றார் விற்பனைக்காரர்.

"சாப்பாடு?"

"பசியே செத்துப் போச்சு."

உறையின் மடிப்பில் பசையைத் தடவி, ஒட்டிய பிறகும் விடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவர்தான் மெல்ல உருவி எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே வண்டி ஒரு முறை இருமி நின்றது. அவள் சன்னலுக்கு ஓடினாள். மறு உதையில் கிளம்பிப் போயிற்று.