தூரிகையின் முனை

அந்தக் குளிரில் ஈசா ஆறு கரையோடு கரையாக உறைந்து கிடந்தது, கண்ணுகளா. நாணலெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. ஓவியன் தனாசே குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த காட்சி அது. ஆனால் தண்ணீரில் நனைத்த தூரிகை தாளைத் தொடுவதற்குள் விறைத்துவிடும். பிளம் சாராயத்தில் வண்ணம் கரைத்தால்தான் உறையாது.

அதுதான் வில்லங்கம். முந்தின வருஷம் குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தவனைச் சறுக்குவண்டியில் அள்ளிக்கொண்டு வந்தோம். அதனால் இந்தக் குளிர் தொடங்கியதுமே கோயிலில், தேவமாதா படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்: ஈஸ்டர் வரை ஒரு சொட்டும் நாக்கில் படாது. பட்டால் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவன் மனைவி ருக்சாந்திராவும் அங்கேயே சொல்லிவிட்டாள்.

ஆறு உறைந்த அன்று மத்தியானம் அவள் என் கதவை இடித்தாள்.

"பராஸ்கா அக்கா, விருந்தாளிக்கு வச்சிருந்த சாராயத்த எடுத்துட்டுப் போயிட்டான்!"

"வண்ணம் கரைக்கத்தானேடி?"

"அது தெரியும். தூரிகைய வாயில வச்சுத்தானே முனைய கூராக்குவான்! கல்யாணத்துக்கு முந்தின பழக்கம். யோசிக்காமலே பண்ணுவான்."

முழங்கால் பனியில் இருவரும் ஆற்றங்கரைக்கு ஓடினோம்.

கிட்டே போனதும் முதலில் கண்ணில் பட்டது அவன் உதடு. கிண்ணத்தில் கரைத்த வண்ணம் போலவே நீலம்.

"நாக்க நீட்டு," என்றாள்.

"என்னது?"

"நீட்டுய்யா!"

நீட்டினான். சிவப்பாகத்தான் இருந்தது. உதட்டு நீலம் குளிரில் வந்தது. அவனுடைய வெள்ளை ஆட்டுத்தோல் கோட்டில் இடது தோள் முழுக்க நீலக் கோடுகள். வாய்க்குப் போன கையை ஒவ்வொரு தடவையும் தோளுக்குத் திருப்பியிருக்கிறான்.

"திருப்தியா, போலீஸ்காரம்மா?" அவன் பற்கள் தந்தியடித்தன. "இன்னும் ஒரு நாணல்தான். முடி மாதிரி மெலிசா வரணும். தோல்ல தேச்சா முனை நிக்க மாட்டேங்குது."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தூரிகை சாராயத்தில் முங்கி எழுந்தது. அவன் கண் படத்தில்; கை தானாக வாயை நோக்கி ஏறியது.

ருக்சாந்திரா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மெல்லத் தன் பக்கம் இழுத்து, தூரிகையைத் தன் உதடுகளுக்கு நடுவில் வைத்து உருட்டி, கூராக்கி விட்டாள்.

"நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே." துப்பினாள். "தூ! இந்தக் கருமத்துக்கா பனியில விழுந்து கிடந்தே?"

தாளில் நாணல் முடி போலவே விழுந்தது. அவன் படத்தை விட்டு அவளைப் பார்த்தான்.

"பக்கத்துல இன்னொண்ணு போட்டா நல்லா இருக்கும்," என்றான்.

"குடு," என்று கையை நீட்டினாள். அவள் நாக்கெல்லாம் நீலம்.